கடலூரில் சர்வர், புதுச்சேரியில் டிப்போ: யார் எந்த வழியாக டேட்டாபேஸுக்கு வரலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கடலூர் சிப்காட்டில் தொழிற்சாலை, அங்கேயே அலுவலகம். பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடுகிறது. அதன் டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், அதாவது மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸின் இலவசப் பதிப்பு. பன்னிரண்டு பேர் பயன்படுத்துகிறார்கள். இப்போது புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஐந்து பேருடன் ஒரு டிப்போ திறந்திருக்கிறீர்கள். முதலாளிக்கு எக்செலில் ரிப்போர்ட் வேண்டும், விற்பனைக்குப் போகும் இரண்டு பேருக்கு மொபைலில் ஸ்டாக் தெரிய வேண்டும். மென்பொருள் விற்றவரோ, "ரவுட்டரில் 1433 போர்ட்டைத் திறந்துவிடுங்கள், எஸ்ஏ பாஸ்வேர்ட் தருகிறேன், எல்லாரும் எங்கிருந்தும் இணையலாம்" என்கிறார். (போர்ட் என்பது சர்வருக்குள் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல், எஸ்ஏ என்பது டேட்டாபேஸில் எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி லாகின்.) இது சரியா, வேறு வழி உண்டா என்பது உங்கள் கேள்வி.

இதில் உண்மையில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. அலுவலகத்தில் உட்கார்ந்து பில் போடுபவர், இன்னொரு ஊரில் உட்கார்ந்து அதே பில்லைப் போடுபவர், எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் விரும்புபவர், வண்டியில் போய்க்கொண்டே ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ள விரும்புபவர் என்று நான்கு விதமான ஆட்கள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே வழியைத் திறந்துவிடுவதில்தான் பிரச்சினை தொடங்குகிறது. பதினேழு வருடமாகக் கடலூர், புதுச்சேரி, வில்லியனூர், சேதராப்பட்டு பக்கத்துச் சிறு நிறுவனங்களுக்கு இதே வேலையைச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் என் பதில் இது: ஆட்கள் மென்பொருளிடம் வரட்டும், டேட்டாபேஸிடம் வர வேண்டாம். டேட்டாபேஸுக்குள் நேராக வரும் வழிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

1433 விஷயத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. திறக்காதீர்கள். திறந்திருந்தால் இன்றே மூடுங்கள். எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான போர்ட் அதுதான் என்பது உலகத்துக்கே தெரியும். இணையம் முழுக்க அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. எஸ்ஏ என்ற பெயரும் எல்லாருக்கும் தெரிந்தது என்பதால், ஊகிக்க வேண்டியது பாஸ்வேர்டை மட்டும்தான். அது கிடைத்தால் உங்கள் பில்லோடு நிற்காது. எஸ்ஏ உரிமை உள்ளவர் எஸ்க்யூஎல் சர்வர் வழியாகவே விண்டோஸ் கட்டளைகளை ஓட்ட முடியும், சர்வரே கைமாறிவிடும். போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் போதும் என்பார்கள். தட்டுபவர்கள் எல்லா எண்ணையும் தட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாம்மர் புழு, எஸ்க்யூஎல் சர்வர் இன்னொரு வேலைக்குப் பயன்படுத்தும் யூடிபி 1434 என்ற போர்ட் வழியாகத்தான் வந்தது. குறைந்தது 75,000 கணினிகள், அதில் பெரும்பகுதி முதல் பத்து நிமிடத்துக்குள். அதைத் தடுக்கும் திருத்தம் ஆறு மாதம் முன்பே வந்திருந்தது. பல பேர் போட்டுக்கொள்ளவில்லை.

இதைப் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் இப்படித்தான் போர்ட் திறந்திருந்தது. திங்கட்கிழமை காலை போன் வந்து போனபோது டேட்டாபேஸ் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டிருந்தன, திறக்கப் பணம் கேட்டு ஒரு கடிதம் இருந்தது. பேக்கப் எடுத்த வெளி டிஸ்க் அதே சர்வரில் சொருகியே கிடந்ததால் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. கணக்காளர் அம்மா மாதக் கடைசியில் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் வைத்திருந்தார். அதுதான் காப்பாற்றியது. அதற்குப் பிந்தைய பத்தொன்பது நாள் பில்களைக் காகித நகல் பார்த்து மூன்று பேர் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள்.

சரி, அலுவலகத்துக்குள் இருக்கும் பன்னிரண்டு பேருக்கு வருவோம். உங்களுடையது எஸ்க்யூஎல் சர்வர் என்பதால் ஒரு நல்ல நிலையில் இருக்கிறீர்கள். டேலி, ஆக்சஸ், பழைய ஃபாக்ஸ்புரோ மென்பொருள்கள் போல ஒரு பொது ஃபோல்டரை எல்லாரும் திறந்து வேலை செய்யும் வகை இல்லை. அந்த வகையில் கோப்பின் பகுதிகளே நெட்வொர்க்கில் போய்வரும், நடுவில் வைஃபை ஒரு நொடி விட்டால் கோப்பு பழுதாகும் ஆபத்து உண்டு. உங்கள் வகையில் கணினி ஒரு கேள்வி கேட்கும், சர்வர் விடை மட்டும் அனுப்பும். இணைப்பு அறுந்தால் பாதியில் நின்ற பதிவை சர்வரே ரத்து செய்துவிடும், மென்பொருளை ஒழுங்காக எழுதியிருந்தால். ஆனாலும் பில் போடும் கணினிகளுக்கு கேபிளே இழுங்கள். தொழிற்சாலையில் மோட்டாரும் வெல்டிங்கும் ஓடும் இடத்தில் வைஃபையை நம்பிப் பில்லிங் நடத்த நான் யாருக்கும் சொல்வதில்லை.

எக்ஸ்பிரஸ் பதிப்பில் இரண்டு சின்ன விஷயங்கள் நிறைய பேரை அலைக்கழிக்கும். நிறுவியவுடன், மற்ற கணினிகள் நெட்வொர்க் வழியாக வரத் தேவையான டிசிபி/ஐபி இணைப்பு அணைந்தே இருக்கும், நாம்தான் போய் இயக்க வேண்டும். அப்புறம், பெயரிட்ட இன்ஸ்டன்ஸாக (தனிப் பெயர் கொடுத்து ஓடும் எஸ்க்யூஎல் சர்வராக) நிறுவினால் அதற்கு நிலையான போர்ட் இருக்காது. மறுமுறை தொடங்கும்போது எண் மாறலாம். நேற்று வரை ஓடியது, இன்று காலை சர்வர் கிடைக்கவில்லை என்று வரும் புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம். போர்ட்டை ஒரே எண்ணில் நிறுத்தி, சர்வருக்கும் மாறாத ஐபி கொடுத்து, விண்டோஸ் ஃபயர்வாலில் உங்கள் லேன் (அலுவலகத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்) முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இன்னொன்று, எக்ஸ்பிரஸில் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டக்கூடாது. உங்களுடையது இப்போது எவ்வளவு என்று பார்த்து வையுங்கள். 10-ஐத் தொட்ட நாளில் புதிய பில் பதியாது. அது பெரும்பாலும் மார்ச் மாதமாக இருக்கும்.

எஸ்ஏ பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மென்பொருள் நிறுவப்பட்ட ஃபோல்டரில் அமைப்புகளை எழுதி வைக்கும் ஒரு கான்ஃபிக் கோப்பு இருக்கும், நோட்பேடில் திறந்து பாருங்கள். பல மென்பொருள்களில் எஸ்ஏவின் பாஸ்வேர்ட் அதில் பச்சையாக எழுதியிருக்கும். பன்னிரண்டு கணினியிலும் அது கிடக்கிறது என்றால், பன்னிரண்டு பேர் கையிலும் சாவி இருக்கிறது. அந்த ஒரு டேட்டாபேஸில் மட்டும் படிக்க, எழுத, அதன் புரொசீஜர்களை (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த கட்டளைத் தொகுப்புகளை) ஓட்ட உரிமையுள்ள தனி லாகின் ஒன்றை உருவாக்கி, கான்ஃபிக்கில் அதைப் போடச் சொல்லுங்கள். விற்றவர் "அப்படி ஓடாது" என்று சொல்லக்கூடும். அப்டேட் செய்யும் நேரத்தில் டேபிள்களை மாற்ற அதிக உரிமை தேவைப்படுவது உண்மைதான், அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுங்கள். தினசரி பில்லுக்கு எஸ்ஏ தேவைப்படுகிறது என்றால் மென்பொருளை எழுதியதில்தான் கோளாறு.

உங்கள் கேள்வியின் கடினமான பகுதி டிப்போதான். மூன்று வழிகள் சொல்வார்கள்: விபிஎன் (இணையத்தின் மேல் இரண்டு ஊரையும் இணைக்கும், வெளியார் நுழைய முடியாத தனிப்பாதை) போட்டு டிப்போ கணினிகளில் மென்பொருளை நிறுவி நேராக டேட்டாபேஸுக்கு இணைப்பது, ரிமோட் டெஸ்க்டாப்பில் கடலூர் கணினிக்குள் வந்து வேலை செய்வது, எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றுவது. முதல் வழி பார்க்க எளிது. நிறைய பேர் அதை முயன்று, "நெட் ஸ்லோ" என்று திட்டி, 100 எம்பிபிஎஸ் லைனை 300 ஆக்குவார்கள். அப்புறமும் அதே கதைதான். ஏனென்றால் இங்கே பிரச்சினை வேகம் இல்லை, போய்வரும் நேரம். லேனில் ஓடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் வாயாடிகள். ஒரு இன்வாய்ஸைத் திறக்க வாடிக்கையாளர் பெயர், விலை, வரி, பேட்ச், இருப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அறுநூறு கேள்வி கேட்கிறது என்று வையுங்கள். லேனில் ஒரு கேள்வி போய்வர அரை மில்லிசெகண்ட், மொத்தம் 0.3 விநாடி, கண்ணுக்கே தெரியாது. புதுச்சேரியிலிருந்து ஒரு கேள்வி போய்வர 30 மில்லிசெகண்ட் என்றால் அதே இன்வாய்ஸுக்கு 18 விநாடி. சாலை வழியாகப் பக்கத்து ஊர்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு ஊரிலும் வேறு வேறு இணைய நிறுவனம் என்றால் டேட்டா முள்ளோடை வழியாக வராது. பெரும்பாலும் சென்னை வரை போய்த்தான் திரும்பும். லைனை எவ்வளவு அகலமாக்கினாலும் அந்தத் தூரம் குறையாது.

அதனால் டிப்போவுக்கு நான் சொல்வது விபிஎன், அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப். மென்பொருள் கடலூரிலேயே ஓடும், அறுநூறு கேள்வியும் லேனுக்குள்ளேயே முடியும், திரையின் படமும் கீபோர்டும் மட்டும் ஊர் தாண்டிப் போய்வரும். இதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. நடுவில் நெட் போனால், பாதி அடித்த பில் கடலூர் கணினியில் அப்படியே திறந்திருக்கும். திரும்ப இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உங்கள் டிப்போவுக்கு இது மிக முக்கியம். கடலூர் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும், புதுச்சேரியுடையது 34-இல் தொடங்கும். ஒரே நிறுவனம், பக்கத்து ஊர் என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. ஸ்டாக் மாற்றினாலும் ஐஜிஎஸ்டியோடு இன்வாய்ஸ் வேண்டும், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் வண்டி கிளம்பும் முன்பே இ-வே பில் வேண்டும். இணைப்பு நின்றால் லோடு ஏற்றிய வண்டியும் நின்றுவிடும். எனவே டிப்போவில் ஒரு ஃபைபர் லைன், அதோடு வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ஒரு டாங்கிள், இரண்டும் இருக்கட்டும்.

ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டையும் இணையத்துக்குத் திறக்கக்கூடாது, 1433-க்குச் சொன்ன அதே காரணம்தான். முதலில் விபிஎன், அதற்குள் வந்தவருக்கு மட்டுமே ரிமோட் டெஸ்க்டாப். வயர்கார்டு, ஓபன்விபிஎன் இரண்டுமே இலவசம், இரண்டுமே நம்பகமானவை. வயர்கார்டு அமைக்க எளிது, நான் இப்போது பெரும்பாலும் அதைத்தான் போடுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி கொடுங்கள். டிப்போவில் ஒருவர் வேலையை விட்டால் அன்று மாலையே அவர் சாவியை மட்டும் அணைத்துவிடலாம். பொதுச் சாவி என்றால் ஐந்து பேருக்கும் மாற்ற வேண்டும், யாரும் மாற்ற மாட்டார்கள்.

இதில் இரண்டு குழிகள் இருக்கின்றன. முதலாவது, இரண்டு ஊர் ரவுட்டரும் 192.168.1 என்ற அதே முகவரி வரிசையில் இருப்பது. கடையில் வாங்கும்போதே பல ரவுட்டர்கள் அப்படித்தான் வரும். விபிஎன் இணைந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் எதுவும் திறக்காது, நாள் முழுக்க மண்டை காயும். டிப்போவை 192.168.20 என்று மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். இரண்டாவது, உங்கள் கடலூர் லைனுக்கு உண்மையான பொது ஐபி இருக்கிறதா என்பது. ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது அதன் இணையப் பக்கத்து முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து விபிஎன் உள்ளே வர முடியாது. ஸ்டாடிக் ஐபி கேட்டு வாங்குங்கள். ஒரு முனையில் இருந்தால் போதும், இரண்டு முனைக்கும் பணம் கட்ட வேண்டாம்.

லைசென்ஸ் விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். விண்டோஸ் 10, 11 புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்காக இரண்டு பேர் வரலாம், அதற்கு மேல் அன்றாட வேலைக்கு ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சேவை) லைசென்ஸ் ஆள் கணக்கிலோ கருவி கணக்கிலோ வாங்க வேண்டும். அதை நிறுவியதும் 120 நாள் சலுகைக் காலம் ஓடும். "எல்லாம் ஓடுகிறது" என்று விட்டுவிட்டு, நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் ஐந்து பேரும் வெளியே நின்ற டிப்போக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கோப்பை மாற்றிப் போட்டால் புரோவிலேயே பத்து பேர் வரலாம் என்று யூடியூபில் காட்டுவார்கள். அது லைசென்ஸுக்கு விரோதம், அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் உடையவும் செய்யும். செலவு இடித்தால், கடலூரில் ஐந்து சிறிய புரோ கணினிகளை மானிட்டர் இல்லாமல் ஒரு அலமாரியில் வைத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பது நேர்மையான, மலிவான வழி. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் தொடர்தாளில் பில் எடுப்பவர்களாக இருந்தால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வரும் அச்சில் வரிகள் நகரும். கடலூர் கணினியிலும் அந்தப் பிரின்டரின் அதே டிரைவரையும் தாள் அளவையும் அமைத்து, திறப்பு நாளுக்கு முன்பே பத்து பில் எடுத்துப் பாருங்கள்.

முதலாளியின் எக்செல். இங்கே டேட்டாபேஸுக்கு நேராக இணைவது நியாயமானது, ஆனால் படிக்க மட்டும். எக்செலை டேட்டாபேஸோடு இணைக்கும் வழி ஓடிபிசியோ பவர் குவெரியோ எதுவானாலும் தனி லாகின், அதற்குப் படிக்கும் உரிமை மட்டும், அதுவும் மூல டேபிள்கள் மேல் இல்லாமல் நீங்கள் உருவாக்கிக் கொடுத்த வியூக்கள் (தேவையான தகவலை மட்டும் காட்டும் பட்டியல்கள்) மேல். ஓடிபிசியில் தகராறு வந்தால் முதலில் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். எக்செல் எந்த பிட்டோ டிரைவரும் அதுவாக இருக்க வேண்டும். அப்புறம் ஒரு நுணுக்கம்: எஸ்க்யூஎல் சர்வரின் இயல்பான அமைப்பில், நீண்ட நேரம் படிப்பவர் எழுதுபவரை நிறுத்திவைக்க முடியும். முதலாளி காலை பதினொரு மணிக்கு மூன்று வருட விற்பனையை ரெஃப்ரெஷ் செய்தால் பில்லிங் கவுன்டர் உறைந்துபோகும். இதற்கு நான் செய்வது, இரவு எடுக்கும் பேக்கப்பை அதே சர்வரில் வேறு பெயரில் ரீஸ்டோர் செய்து, எக்செலை அந்தப் பிரதியோடு இணைப்பது. நேற்று வரைக்குமான கணக்கு, ஆனால் யாரையும் தொந்தரவு செய்யாது. பேக்கப் நிஜமாகவே திறக்கிறதா என்ற சோதனையும் தினமும் தானாக நடந்துவிடுகிறது. எக்ஸ்பிரஸில் நேரம் குறித்து ஓட்டும் ஏஜென்ட் கிடையாது, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிடுங்கள்.

எக்செலிலோ ஆக்சஸிலோ இருந்து டேட்டாபேஸில் எழுத மட்டும் யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். "ஒரே ஒரு எண்ணைத் திருத்த வேண்டும்" என்றுதான் கேட்பார்கள். எந்த வாடிக்கையாளருக்கு என்று சொல்லும் நிபந்தனையை விட்டுவிட்டு ஒருவர் திருத்தும் கட்டளையை ஓட்டியதில், நானூறு வாடிக்கையாளர்களின் பாக்கியும் ஒரே தொகையானதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுடையது கம்பெனி சட்டத்தில் பதிவான நிறுவனம் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும், அணைக்க முடியாத திருத்தத் தடம் இருக்க வேண்டும். டேபிளில் நேராகக் கை வைத்தால் மென்பொருளின் தடத்தில் அது வராது, ஆடிட்டர் அதைக் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

விற்பனைக்குப் போகிறவர்களின் மொபைல் டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம். மென்பொருள் விற்றவரிடம் இதற்கான செயலி இருந்தால், அது நடுவில் ஒரு வலைச் சேவை வழியாகப் பேசுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு பேருக்காகப் பெரிய செலவு வேண்டாம், காலை எட்டு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் ஸ்டாக் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

கிளவுட் தவறான வழி இல்லை. ஆனால் டேட்டாபேஸை மட்டும் மும்பையில் இருக்கும் ஒரு கிளவுட் சர்வருக்கு அனுப்பிவிட்டு மென்பொருளை இங்கே வைத்தால், டிப்போவில் பார்த்த அதே 18 விநாடி கணக்கு இப்போது பன்னிரண்டு பேருக்கும் வரும். போனால் இரண்டும் சேர்ந்து போக வேண்டும். பதினேழு பேருக்கு, உங்கள் நிலையில், சர்வர் கடலூரிலேயே இருக்கலாம் என்பது என் கருத்து. பேக்கப் மட்டும் கட்டாயம் வெளியே போக வேண்டும். நம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரைத் தகடு பறந்து சர்வர் நனைந்த ஒரு தொழிற்சாலைக்கு நான் போயிருக்கிறேன். 2015 வெள்ளத்தில் தரையில் வைத்திருந்த கணினிகள் மூழ்கின. சர்வரை மேசை உயரத்துக்கு மேல் வையுங்கள், இரவு பேக்கப் இந்தியாவில் உள்ள ஒரு கிளவுட் சேமிப்புக்குத் தானாகப் போகட்டும். கணக்குகளைக் கணினியில் வைத்திருக்கும் கம்பெனிகள் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022 முதல் விதியும் இருக்கிறது.

இதில் எவை உறுதி என்றால்: போர்ட் மூடுவது, எஸ்ஏவை எடுப்பது, எக்செலுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுப்பது. இவை எந்த மென்பொருளுக்கும் பொருந்தும். விபிஎன் வழியே நேராக இணைந்தால் தாங்குமா என்பதை மட்டும் அறையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. உங்கள் மென்பொருள் எவ்வளவு வாயாடி என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் மென்பொருள்கள் நன்றாகவே ஓடும். ஒரு லேப்டாப்பை டிப்போவில் வைத்து ஒருநாள் உண்மையான பில் போட்டுப் பாருங்கள். அதே போல, ரிமோட் டெஸ்க்டாப்பில் பல பேர் பயன்படுத்த மென்பொருளின் லைசென்ஸ் இடம் கொடுக்கிறதா என்பதை விற்றவரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய் வார்த்தை போதாது.

டிப்போ கணினியிலிருந்து கடலூர் ரவுட்டருக்கு காலை பதினொரு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) அடித்து வரும் எண், கடலூர் ரவுட்டரின் வான் முகவரி 100-இல் தொடங்குகிறதா இல்லையா, இப்போது டேட்டாபேஸ் எத்தனை ஜிபி, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள். முகவரியை முழுதாகப் போட வேண்டாம், முதல் இரண்டு எண் போதும். விபிஎன்னை ரவுட்டரில் போடுவதா, தனிக் கருவியில் போடுவதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.